மனசு பீரியட்

எதிர் வீட்டுக் கதவில் நேற்று ஓர் அட்டை தொங்கியது: 'நைட் ஷிப்ட். பெல் அடிக்காதீங்க.' புதிதாகக் குடிவந்தவர்கள். அவர்களுக்கென்று கொண்டுபோன கேசரிக் கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டேன். செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தப் பயத்தை எனக்குள் வைத்தவள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி.

பாகலூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பள்ளியில் அப்போது நான் நாலாம் வகுப்பு மிஸ். படிப்பு முடித்த சூடு. பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தால் போதுமா, மனசில் உள்ளதைச் சொல்ல வர வேண்டாமா என்று தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டு வியாழக்கிழமை கடைசி மணியை வாங்கியிருந்தேன். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மனசு பீரியட். வட்டமாக உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கைமாற்றுவோம். பந்து வந்தவர் மனசில் இருப்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த 'உரக்க' என் சொந்தச் சரக்கு. நான் பர்கூர்க்காரி. வீட்டை ஒட்டிக் கல் அறுக்கிற பட்டறை. உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்போம். மெல்லப் பேசுகிற பிள்ளையைப் பார்த்தால் காய்ச்சலோ என்று தோன்றும் எனக்கு.

பவித்ரா அப்படித்தான் பேசுவாள். பந்து வந்தால் உதடு மட்டும் அசையும். டிபன் டப்பாவைக்கூடச் சத்தம் வராமல் மூடுவாள். கூச்சம் என்று முடிவு கட்டிவிட்டேன். விடுவேனா? மூன்று வியாழன் மல்லுக்கட்டினேன். நாலாவது வியாழன் எழுந்து நின்று, "எனக்குப் பயமா இருக்கு மிஸ்!" என்று கத்திவிட்டாள். வகுப்பே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன பயம் என்று கேட்கத் தோன்றியதா? இல்லையே! "இதையே வீட்டுல போய்ச் சத்தமா சொல்லணும், இதான் ஹோம்வொர்க்" என்றேன்.

மறுநாள் காலை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் உள்ளே வர மாட்டேன் என்றாள். பிரேயர் மணி அடித்தாயிற்று. கையைப் பிடித்து இழுத்தேன். கம்பியை விடவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது.

"யாரைப் பாக்குற பாப்பா?"

"கம்பெனி பஸ்ஸு இன்னும் வரல மிஸ்."

நைட் ஷிப்ட் ஆட்களை எங்கள் கேட்டுக்கு எதிரே எட்டே முக்காலுக்கு இறக்கிவிடும் பஸ். அன்று ஒன்பது தாண்டியும் காணோம்.

"வராட்டி என்ன இப்போ?"

"நேத்து அப்பா தூங்கிட்டிருந்தாரு. எழுப்பி ஹோம்வொர்க் சொன்னேன். அப்புறம் அவரு தூங்கவே இல்ல. தூங்காம மிஷின்ல நின்னா கை போயிடும்னு அம்மா சொல்லுச்சு."

அம்மா பகல் வேலைக்குப் போய்விடுவாள். அந்த ஒற்றை அறை லைன் வீட்டில் இந்தப் பெண் சத்தமே போடாமல் ஓர் ஆளின் கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் நான் கூச்சம் என்று பெயர் வைத்திருந்தேன். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். கண்ணில் பட்ட பஸ்ஸெல்லாம் வேறு கம்பெனி பஸ்.

ஒன்பதரைக்கு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். பவித்ராவின் அப்பாதான் கடைசி ஆள்.

"கை காட்டுங்கப்பா."

எதற்கென்று புரியாமல் கிரீஸ் அப்பிய இரண்டு கையையும் நீட்டினார். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வகுப்புக்கு ஓடிப்போனாள்.

"டயர் பஞ்சர் மிஸ்" என்றார். கண் செக்கச்செவேலென்று இருந்தது. தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "சத்தத்துல போவல மிஸ் தூக்கம். நீங்க தூங்குறப்ப தனியா இருக்கப் பயமா இருக்குதுப்பான்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் எப்படித் தூங்குறது?" திட்டியிருக்கலாம். நல்லதுதானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் பந்து பவித்ராவிடம் வந்தது. "சந்தோஷமா இருக்கு மிஸ்!" தகரம் அதிரக் கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கடுத்த வாரமும் அதே. பரீட்சை வரைக்கும் அதே. பொய் என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அவளுடைய ரிப்போர்ட் கார்டில், 'மனம் திறந்து பேசுகிறாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்பாவின் கம்பெனி காண்ட்ராக்ட் முடிந்து அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். மனசு பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போயிற்று. பள்ளி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை.

கேசரி இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. எதிர் வீட்டிலும் ஒரு குழந்தை உண்டு, வாசலில் குட்டிச் செருப்பு கிடக்கிறது. குடிவந்து பத்து நாள் ஆகப்போகிறது. அதன் குரலை நான் இதுவரை கேட்கவில்லை.