கூண்டுக்குப் பொட்டு வைக்கிறவர்

‘காட்டு உயிர்களைத் துன்புறுத்தாமல் பிடித்து, அடர்ந்த வனப்பகுதியில் பத்திரமாக விடுவிக்கும் பயிற்சி பெற்ற வல்லுநர்’ என்று உப்போடைப்பட்டி ஊராட்சித் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. அந்த வல்லுநர் இப்போது பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் கூண்டுக்கு எதிரே குத்தவைத்து, குரங்குக்கு வைத்தது போக மிஞ்சிய நிலக்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டபடி, உள்ளே இருக்கும் குரங்கைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார். அழுகைக்கும் மெல்லுவதற்கும் தகராறு எதுவும் இல்லை. இரண்டும் அவருடைய முகத்தில் நெடுங்காலமாக ஒற்றுமையாகக் குடித்தனம் செய்பவை.

உள்ளே இருப்பது தாய்க்குரங்கு. கதவு விழுந்த சத்தத்தில் அதன் மடியிலிருந்து துள்ளிய குட்டி வெளியே போய்விட்டது. பால்குடி மறக்காத குட்டி. புளியங்கிளையில் தொற்றிக்கொண்டு, இருந்து இருந்து கீச்சிடுகிறது. ஒவ்வொரு கீச்சுக்கும் தாய் எழுந்து கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.

“பெத்தவளையும் பிள்ளையையும் பிரிச்ச பாவி நானு” என்கிறார் சங்கையா. தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அடுத்தவர் திட்டுவதற்கு மிச்சம் இருக்காது.

சங்கையாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முன்பு பருத்தி, மிளகாய் லோடு அடித்தவர். காட்டில் பருத்தி குறைந்து ஊரில் குரங்கு கூடியதும் தொழிலை மாற்றிக்கொண்டார். வண்டி அதே வண்டிதான். மூட்டை ஏறிய இடத்தில் இப்போது பாளையம்பட்டிப் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கிய பெரிய கம்பிக்கூண்டு நிற்கிறது. இது தவிர, பொறி வைக்கத் தனியாக ஒரு சின்னக் கூண்டு. அதில் அகப்படுவதைப் பெரிய கூண்டுக்கு மாற்றிவிட்டு மறுபடியும் பொறி வைப்பார்.

சனிக்கிழமை மட்டும் பிடிக்க மாட்டார். அது ஆஞ்சநேயருக்கு உரிய நாள். அன்றைக்கு இரண்டு கூண்டையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, துளசி மாலை சாத்திச் சூடம் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பொட்டோடேயே கூண்டு வேலைக்குக் கிளம்பிவிடும். அகப்படுகிற எதையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. “வாங்க, இப்பிடி உக்காருங்க, மொறைக்காதீக” என்பார். கேட்டால், “அவரு ராமருக்கே தூது போனவரு. அவரப் போயி வா போன்னு பேசலாமா?” என்பார். பேசக்கூடாதுதான். பூட்டலாம்.

இந்த இளகிய மனசு அவருக்கு எப்போது வந்தது என்பதற்கு அவரிடமே ஒரு வரலாறு இருக்கிறது. மாலை போட்டு மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாமிமாரெல்லாம் சேர்ந்து கேரளத்தில் ஒரு மிருகக்காட்சிச் சாலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு புலி, கூண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்ததாம். சங்கையா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்து, வேன் புறப்பட்டும் எழுந்திருக்கவில்லை. குருசாமி வந்து தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். “அம்புட்டுச் சனம் நிக்கிது, அந்தப் புலி என்னையத்தாம் பாத்துச்சு. ‘சங்கையா, ஒனக்காவது தெரியிதா’ன்னு கேட்டுச்சு” என்று இன்றைக்கும் சொல்வார். புலிக்கு அவர் பெயர் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்குத் திரும்பிய அந்த வாரம்தான் அவர் முதல் கூண்டுக்கு அளவு கொடுத்தார்.

உலகத்தில் எந்தக் கூண்டில் எது வாடினாலும் சங்கையாவின் செல்லுக்கு வந்துவிடும். சங்கிலி போட்ட யானை, சர்க்கஸ் கரடி, கண்ணாடித் தொட்டித் திமிங்கலம். அவ்வளவையும் அழுகிற பொம்மைகளோடு சேர்த்து, தமக்கு வேலை கொடுக்கும் ஊராட்சித் தலைவர்கள் அத்தனை பேருக்கும் விடியுமுன் அனுப்பிவைப்பார். உப்போடைப்பட்டித் தலைவர் பால்சாமி அவரோடு படித்தவர். “ஏலே, யானைச் சங்கிலிய அப்பறம் பாப்போம்லே. முதல்ல ஒரு வாய் காப்பியக் குடிக்க விடு” என்று ஒருமுறை போன் போட்டே கெஞ்சினார்.

பந்தல்குடி ரோட்டில் ஒரு கடையில் காடை வறுவல் நன்றாக இருக்கும். அந்தப் பக்கம் போனால் சங்கையா தாண்டிப்போக மாட்டார். பறவைக்கு மட்டும் இரக்கம் கிடையாதா என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஒரு காடைக்காலைக் கடித்து முடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: “இது பண்ணையில பொறந்தது. காட்டப் பாத்ததே இல்ல. பாக்காத எடத்துக்கு ஏக்கம் எப்பிடி வரும்?” கேட்டவர் பி.ஏ. தத்துவம் படித்தவர். அவரும் ஒரு காடை சொன்னார்.

மனைவி ஈஸ்வரிக்கு இந்தக் கண்ணீர் பழகிப்போயிற்று. “அவுக கண்ணுல ஒரு போர்வெல் போட்டிருக்காக. நம்ம பக்கம் ஆயிரம் அடிக்குப் போனாலும் புகைதான் வரும். அவுகளுக்கு எடுத்த எடுப்புல தண்ணி” என்பாள். சங்கையா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இனி, அந்த அடர்ந்த வனப்பகுதி. அது பக்கத்து ஊர் கொக்கனேந்தல் கண்மாய்க்குள் இருக்கிறது. தண்ணீர் நின்று பல வருடமான கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. உப்போடைப்பட்டியில் பிடித்ததை அங்கே கொண்டுபோய் இறக்குவார். கருவேலங்காட்டில் குரங்குக்குத் தின்ன என்ன இருக்கிறது? அது கரையேறிக் கொக்கனேந்தலுக்குள் போகும். ஓட்டைப் பிரிக்கும், வடகத்தை அள்ளும். கொக்கனேந்தல் ஊராட்சி ஒரு தீர்மானம் போடும். பயிற்சி பெற்ற வல்லுநர் கூண்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு அங்கே போவார். அங்கே பிடித்தது உப்போடைப்பட்டி எல்லைக்கு வரும்.

“இதைத்தான் காடுன்னு எழுதிக் குடுத்தியாலே?” என்று பால்சாமி ஒருநாள் கேட்டார்.

“அடர்த்தியா இருக்கணும்னுதான போட்டிருக்கு. உள்ள நொழைஞ்சு பாருங்க தலைவரே. ஆளு திரும்பி வந்தாலும் வேட்டி திரும்பி வராது.”

இன்றைக்கும் வண்டிக் கூண்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. அதில் காது கிழிந்த கடுவன், ஆண் குரங்கு ஒன்று. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் தங்கச்செல்வி அதை உற்றுப் பார்த்தாள்.

“ஏண்ணே, இது போன ஐப்பசியில புடிச்சுட்டுப் போன அறுகாதன்ல?”

“அது வேற தாயி. இது அவருக்குச் சொந்தமா இருக்கும்.”

“காது கிளியறது கூடவா சொந்தத்துல வரும்?”

சங்கையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தில் இருப்பவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்யக்கூடாது என்பது அவர் கட்சி.

குரங்கைப் பிடிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவளே தங்கச்செல்விதான். அவள் கடையில் பிஸ்கட் பாட்டில் ஒன்றுகூட முழுசாக இல்லை. வடைத் தட்டைப் பறிகொடுத்திருக்கிறாள். கூரைத் தகரம் இரவு பகலாக அதிர்ந்திருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கவண் வைத்திருப்பாள், குறியும் தவறாது. ஆனால் காலையிலிருந்து அந்தக் குட்டியின் கீச்சு அவளை வேலை பார்க்க விடவில்லை. டீ ஆற்றும்போது ஒரு கண் மரத்தில் போய், ஒருவர் வேட்டியில் சிந்தியும் விட்டது. கடைசியில் டீப் போணியைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டருகே வந்துவிட்டாள்.

“ஏண்ணே, அளுகுறது அளுகுறீக. கதவத் தொறந்து விட்டுட்டு அளுகலாம்ல?”

“நாந் தொறந்துருவேன் தாயி. எங் கையி பரபரங்குது. ஒங்க தலைவரு என்னையச் சும்மா விடுவாரா?”

பால்சாமி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “நான் எப்ப வேணாம்னேன்? ஒத்தக் குரங்குல ஊரு அளிஞ்சிராது. தொறந்து விடுலே.”

சங்கையாவின் கண்ணீர் டக்கென்று நின்றது. இப்படி ஒரு பதிலை அவர் தொழிலில் கேட்டதே இல்லை. கூடாது என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருந்தார். தலைவர் இருந்தார், தீர்மானம் இருந்தது, வயிற்றுப்பாடு இருந்தது, ஒன்றும் இல்லாவிட்டால் கலிகாலம் இருந்தது. பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக அழலாம். இப்போது குறுக்கே ஒருவரும் இல்லை. கதவின் கொக்கி மட்டும் இருக்கிறது. அதுவும் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

“தொறக்கலாம் தலைவரே…” என்று இழுத்தார். “கூட்டம் பூராவும் வண்டியில ஏறிருச்சு. இது மட்டும் கைப்புள்ளையோட ஒத்தையில கெடந்து என்ன செய்யும்? தெரு நாயி விட்டு வைக்குமா?”

“அப்பக் கூட்டத்தையும் தொறந்து விடுங்க” என்றாள் தங்கச்செல்வி.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பால்சாமி பேப்பரை மடித்தார். “ஏத்தா, நீயா பேசுற? மனுக் குடுத்தவளே நீதான?”

“குடுத்தேன். எங் கடைய விட்டுப் போகட்டும்னு குடுத்தேன். பெத்த புள்ளைய விட்டுட்டுப் போகட்டும்னா குடுத்தேன்?” அவளுக்குக் கண் கலங்கவில்லை. “மொத்தத்தையும் விட வேணாம். இந்தத் தாயை மட்டும் விடுங்க. எங் கடையில தின்னுட்டுப் போகட்டும். நாயை நான் பாத்துக்கிறேன்.”

சிரித்தவர்கள் எல்லாரும் சங்கையாவைப் பார்த்தார்கள். கூலி மொத்தமாகப் பேசியதுதான். ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் அவருக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. ஆகவே அவர் அடுத்துச் செய்ததை ஆசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முழுக்க முழுக்க இரக்கம்.

எழுந்தார். கடலைத் தோலைத் தட்டினார். மூக்கைச் சிந்திவிட்டு, தோள் துண்டைக் கடைக் குடத்தில் நனைத்துப் பிழிந்தார்.

“ஒரு பழம் குடு தாயி.”

தங்கச்செல்வி தொங்கிய தாரில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தாள். சங்கையா அதை உரித்துக் கூண்டுக் கம்பியோரம் வைத்தார். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அதன் புழுதி அடங்கும்வரை அவர் மரத்துக்குப் பின்னால் அசையாமல் நின்றார். மூச்சுக்கூட விசும்பாமல் வந்தது.

குட்டி முதலில் தாழ்ந்த கிளைக்கு இறங்கியது. தாய் ஏதோ மெல்லக் குரல் கொடுத்தது. பிறகு குட்டி அடிமரத்தில் சறுக்கித் தரைக்கு வந்து, பழத்தைத் திரும்பியும் பார்க்காமல் ஓடிக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. தாய் கம்பிக்கு இடையில் கையை விட்டு அதன் முதுகைச் சேர்த்து அணைத்தது.

“இப்ப… இப்பத் தொறங்கண்ணே” என்று தங்கச்செல்வி கடைவாசலிலிருந்து கிசுகிசுத்தாள்.

சங்கையா ஈரத் துண்டைக் குட்டியின் மேல் போட்டு அமுக்கினார். துண்டோடு சேர்த்துத் தூக்கினார். கூண்டுக் கதவை ஒரு சாண் உயர்த்தி, குட்டியை உள்ளே விட்டு, கொக்கியை மாட்டினார்.