பங்குச்சாமி துப்பச் சொன்னார்

என் மேசையில் ஒரு எவர்சில்வர் குவளை இருக்கிறது. ஒயினை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்புவதற்கானது. உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அதை நான் தொட்டதே இல்லை. அக்காள்மடத்தில் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. திராட்சை ரசம் என்றால் பூசையில் பார்த்ததுதான். எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி அதைக் குடித்து முடித்ததும் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிப்பார். ஒரு சொட்டு வீணாகாது. அதைப் பார்த்து வளர்ந்தவன் எப்படித் துப்புவான்?

சுவைத்துப் பார்த்து எழுத வேண்டிய முதல் தேர்வில் பன்னிரண்டு ஒயின்கள். அத்தனையையும் விழுங்கித் தொலைத்தேன். கடைசியாக வந்ததுதான் முக்கியமானது. கொடியிலேயே பூசணம் பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்கிற இனிப்பு ஒயின். அது வருவதற்குள் நாக்கும் போயிற்று, நிதானமும் போயிற்று. "தித்திப்பாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். விடுப்பு முடிந்து வந்ததும் மறுதேர்வு, அதிலும் தோற்றால் வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பினார் மேலாளர்.

ஊருக்கு வந்தவன் நேரே பங்குச்சாமியிடம், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். துப்பினால் பாவமா சாமி என்று கேட்டேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இருமலை அடக்குவது போல ஒரு சிரிப்பு.

"ஏலே, பீடத்துல வச்சு செபம் சொன்னாத்தான் அது ஆண்டவரோட ரத்தம். கப்பல்ல இருக்கிறது வெறும் சரக்குதான். நல்லாத் துப்பு. குடிச்சுப்புட்டு ஆடுனாத்தான் பாவம்."

அப்பாடா என்றிருந்தது. கோயிலுக்கு வெளியே வந்து உப்புக்காற்றை இழுத்து ஒரு மூச்சு விட்டேன். ஒரு வருடமாக விடாத மூச்சு அது.

மறுதேர்வில் ஒவ்வொன்றாகத் துப்பினேன். கடைசி ஒயினில் தேன், காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, பின்னால் ஒரு சின்னக் கசப்பு எல்லாம் தனித்தனியே தெரிந்தன. புளிப்பு அந்தத் தித்திப்பை இழுத்துப் பிடித்திருந்தது. அது இல்லாவிட்டால் வெறும் பாகு. பூசணத்தின் வேலை இது என்று எழுதினேன். வேலை நிலைத்தது.

அடுத்த விடுப்பில் அதே ஒயினில் ஒரு சின்னப் பாட்டில் வாங்கிப் போய்ச் சாமிக்கு ஊற்றிக் கொடுத்தேன். துப்புவதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளரும் வைத்தேன். ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுங்கினார். மிச்சத்தையும் குடித்துவிட்டு, கிளாசில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார்.

"துப்பச் சொன்னது ஒன்னயத்தான்" என்றார்.

சாமி இப்போது இல்லை. இன்று காலையும் பதினைந்து ஒயின்களைத் துப்பினேன். குவளை பாதி நிறைந்திருக்கிறது, மனதில் ஓர் உறுத்தலும் இல்லை. அந்தப் பூசண ஒயின் வருகிற நாளில் மட்டும் கிளாசை அலசிக் குடித்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதை எங்கள் ஊர்ப்பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.