அண்ணாவும் நான்காவது பெட்டியும்

எங்கள் அண்ணா ஊர்காவற்றுறையில் பிறந்து, இருபது வயதில் கொழும்புக்கு வந்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். எண்பத்துமூன்று கலவரத்தில் வீட்டில் இருந்ததெல்லாம் எரிந்துபோக, வெள்ளவத்தையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தாம் மணம் முடிக்கவில்லை. என் கணவர் இறந்தபின் என் மகளைப் படிக்கவைத்தவரும் அவரே.

தமக்கென்று அவர் வைத்திருந்தது ஒரு பழைய சினிமாப் படம் மட்டும்தான். கறுப்பு வெள்ளையில், இந்நகரிலேயே எடுத்த கொலைக்கதை. ஒரு கிழமைகூட ஓடவில்லை. ஓடாத படத்துக்கு யார் பிரதி போடுவார்கள்? வேறு பிரதி இல்லாததால்தான் பின்னாளில் அதற்கு அத்தனை மவுசு. அதன் நான்கு பிலிம் பெட்டிகளையும் மருதானைப் பழைய இரும்புக் கடையொன்றில் அண்ணா கண்டெடுத்தார். பழம்படம் சேகரிப்பவர்கள் சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்து எங்கள் வீட்டுச் சுவரில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். துறைமுகத் தெருக்கள் நிஜ மழையில் நனைவதைப் பார்க்கவே பாதிப்பேர் வந்தார்கள். கொலைகாரன் யாரென்பது நான்காவது பெட்டியில்தான் தெரியவரும்.

அந்தப் பெட்டி காணாமற்போனதை, அண்ணாவின் காரியங்களுக்கு வந்த நீங்கள் அறிவீர்கள். கொட்டாஞ்சேனை மரியதாஸ் மாஸ்டர் எடுத்துவிட்டார் என்று அண்ணா உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் அவருடைய முப்பது வருடச் சிநேகிதர். புரொஜெக்டரை ஓட்டுபவரும் அவர்தான். அதன்பின் அண்ணா அவரோடு கதைக்கவேயில்லை.

பெட்டியை மாஸ்டர் எடுக்கவில்லை. என் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்குக்கு வீடு கழுவியபோது, அலுமாரிக்கு வெளியே கிடந்த அதன் புளித்த வினாகிரி நாற்றம் தாங்காமல், நான்தான் பழைய போத்தல், பேப்பர் வாங்குபவரிடம் கொடுத்தேன். பழைய பிலிம் அப்படித்தான் மணக்கும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணா கேட்டபோது பயந்துபோய், "நான் காணேல்லை அண்ணா. மாஸ்டர்தானே கடைசியா வந்தவர்," என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் பன்னிரண்டு வருடம் இருவரையும் பிரித்து வைத்தது.

களுபோவில ஆஸ்பத்திரியில் அண்ணா கிடந்த நாட்களில் மாஸ்டர் தினமும் வந்து வெளியே மர வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்படி கூப்பிட்டேன்.

"வேண்டாம் தங்கச்சி. என்னைக் கண்டா அவருக்குக் கோவம் வரும். சாப்பிட்டவரோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஓம் மாஸ்டர், கொஞ்சம் கஞ்சி குடிச்சவர்."

அதைத்தான் சொன்னேன். பெட்டியைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அண்ணாவின் நோயிலும் இறுதிக் கிரியைகளிலும் தோள் கொடுத்தவர்கள், சமைத்து அனுப்பியவர்கள், கடல் கடந்து வந்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர் மாஸ்டர். அவரை இனி யாரும் கள்ளன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அண்ணாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

தங்கை