சிறகு வைத்த படகும் மூதூர்த் தயிரும்

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ்ஸில் போவதென்றால் வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று சுற்றிக்கொண்டு இருநூற்று முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காலை ஆறு மணிக்கு ஏறினேன். யன்னலோரத்தில் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. தம்பி சுதன் கைபேசிக்கு அனுப்பியிருந்த படகுப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

விஷயம் இதுதான். சுதன் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறான். பழைய பாய்மரப் படகொன்றில் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் காட்டுவது அவன் தொழில். படகையே வீடாக்கி, அந்தமான், தாய்லாந்து என்று மனைவி ஜெயந்தியோடு கடல் கடலாகப் போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஜெயந்திக்கும் அதே ஆசைதான். ஆனால் படகு ஆடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வந்துவிடும். இஞ்சி, தேசிக்காய், குளிசை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. அவள் இல்லாமல் அவன் போகவும் மாட்டான்.

இந்த நிலையில்தான் ஒரு படகுத் தொழிற்சாலை புதுவகைப் பாய்மரப் படகொன்றைச் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டான். படகின் இரு பக்கத்திலும் தண்ணீருக்குள்ளே சிறகு மாதிரி இரண்டு பலகைகள். வேகம் வந்ததும் விமானத்தின் சிறகு விமானத்தைத் தூக்குவதுபோல அவை படகைத் தூக்கிவிடும். படகு அலைக்கு மேலே ஓடும், ஆட்டம் குறையும். பந்தயப் படகுகளில் இது பழைய கதை. குடியிருக்கும் படகுக்குச் சரிவருமா என்பதுதான் கேள்வி. பழைய படகையும் கையிலிருப்பதையும் கொடுத்து இதை வாங்கிவிடலாமா என்று சுதன் யோசித்தான். ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்த படகு நான் போய்ச் சேரும் மறுநாளே திரும்பிவிடும், அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்கள் பிசிக்ஸ் படிப்பிச்சனீங்கள். நீங்கள் ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று போனில் சொல்லிவிட்டான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து சகோதரங்களில் மூன்று பேர் கனடாவில். நாட்டில் மிச்சம் நானும் சுதனும்தான். அவனும் போய்விட்டால் தீபாவளிக்கு நான் யாருக்குச் சமைப்பது? இந்தப் படகு சரிவராது என்று சொல்ல ஒரு நல்ல காரணம் அகப்படாதா என்றுதான் அந்தப் படங்களைத் துருவிக்கொண்டிருந்தேன்.

பகல் ஒரு மணிக்குத் திருகோணமலை. பஸ் நிலையத்தில், ஊருக்குள் திரியும் மான் ஒன்று வாழைப்பழத்தோலை மென்றபடி வழி விடாமல் நின்றது. உப்புவெளிக்கு ஓட்டோ அறுநூறு ரூபாய். வந்த காரணத்தைச் சாரதி கேட்டார், சொன்னேன். "பறக்கிறதெண்டால் பிளேன் எடுக்கலாமே அம்மா, என்னத்துக்குப் படகு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பின்னேரம் உட்துறைமுகத்தில் படகைப் பார்த்தோம். படகோடு வந்தவர் றிஸ்வான், கிண்ணியாக்காரர், தொழிற்சாலையின் ஆள். சனம் நெரிந்த பஸ்ஸில் முழங்கையை விரித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி இரண்டு பக்கமும் சிறகை விரித்துக்கொண்டு படகு நின்றது. உள்ளே இரண்டு கட்டில், சமைக்கக் கைக்குட்டை அளவில் ஒரு குசினி, குனிந்துகொண்டே போக வேண்டிய கழிப்பறை. அலுமாரி என்று ஒன்றும் இல்லை.

"இது நல்லதோ தம்பி?" என்று றிஸ்வானிடம் நேரடியாகக் கேட்டேன்.

"நல்லம் டீச்சர். அலைக்கு மேல போற நேரம் தொட்டில் மாதிரி இரிக்கும். ஆனா வலை கிடக்கிற இடத்துல கவனம். மரக்குத்தி மிதந்து வந்தாலும் கவனம். காத்துக் குறைஞ்சா எழும்பாது. அந்த நேரம் சிறகை மடிச்சுப்போட்டுச் சாதாரணப் படகா ஓட்டலாம்."

"அப்ப வாங்கலாமோ, கூடாதோ?"

"அது ஆளைப் பொறுத்தது."

விற்க வந்தவரா, விற்காமல் தடுக்க வந்தவரா என்று பிடிபடவில்லை. வலையும் மரக்குத்தியும் எனக்கு வேண்டிய காரணங்கள்தான். ஆனால் சுதன் அவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவன். அன்றிரவு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாகப் படுத்தேன்.

மறுநாள் காலை கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய்த் திரும்புவதாகத் திட்டம். பன்னிரண்டு கிலோமீற்றர் இருக்கும் என்றார் றிஸ்வான். ஜெயந்தியின் அக்கா பரிமளம் சம்பூரிலிருந்து மூதூர்த் துறைக்கு வந்து எங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிழை அங்கேதான் தொடங்கியது. அக்காவைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையை வீசிக்கொண்டு போவாளா? ஒரு வாழைக்குலை, ஒரு வாளி அரியதரப் பலகாரம், புது பிரஷர் குக்கர், ஆளுக்கு இரண்டு தரம் சாப்பிடக்கூடிய சோறும் கறியும், போத்தல் போத்தலாகத் தண்ணீர் என்று ஜெயந்தி ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஓட்டிப் பார்க்கப் போகிறோம் என்பது எங்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நானும் என் பங்குக்கு யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். றிஸ்வான் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே அடுக்கினார்.

தென்மேற்குக் காற்று இருந்தது. எங்கள் பக்கத்தில் சோளகம் என்போம், றிஸ்வான் கச்சான் என்றார். பாய் விம்மியது, படகு ஓடியது, எழும்பவில்லை. "இப்ப எழும்பும், இப்ப எழும்பும்" என்றான் சுதன். எருமை சேற்றிலிருந்து எழும்ப மனமில்லாமல் முனகுவது போல அது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஜெயந்தி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுக்கத் தொடங்கினாள். நான் அவளுடைய முதுகைத் தடவிவிட்டேன். தடவிக்கொண்டே, நல்லகாலம், படகு சரிவராது என்று உள்ளுக்குள் நினைத்தேன். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

மூதூர்த் துறையில் பரிமளம் காத்துக்கொண்டு நின்றா. தங்கையைக் கட்டிப்பிடித்து, "என்னடி, முகம் வெளிறிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் கொண்டுபோனதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு, ஓட்டோவிலிருந்து தன் சாமான்களை இறக்கினா. பெரிய சட்டிகளில் எருமைத் தயிர், அரை மூடை அரிசி, ஒரு கட்டுத் தேங்காய், இரண்டு பூசணிக்காய். எல்லாம் படகுக்கு.

இந்த முறை றிஸ்வான் தடுத்தார். "அக்கா, இதை ஏத்தினா படகு எழும்பவே எழும்பாது."

"ஏன் தம்பி, ஒரு சட்டித் தயிர் தூக்க ஏலாத படகோ இது?"

"தூக்கும். பறக்காது."

"தங்கச்சியை வெறுங்கையோட அனுப்பினால் சம்பூரில என்ன கதைப்பினம்?"

சுதன் என்னைப் பார்த்தான். றிஸ்வானும் பார்த்தார், பார்த்துவிட்டுப் பூசணிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுமை கூடினால் வேகம் கூட வேண்டும், வேகம் கூடாவிட்டால் சுமை குறைய வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! நான் எழுபத்தெட்டுக் கிலோ.

"நான் சாமானோட பஸ்ஸில வாறன்" என்றேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர். இப்ப நாங்க மூணு பேர் போறம். அவங்க ரெண்டு பேரும் இதுல குடியிருந்தா, என்ட இடத்துல அவங்கட தண்ணியும் அரிசியும் இரிக்கும். அதுக்கு மேல ஏத்தினா எழும்பாது. அதை நீங்க பார்க்கத்தானே வேணும்" என்றார் றிஸ்வான்.

தயிர்ச் சட்டிகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். காற்று காலையில் அடித்த அளவுதான். துறையை விட்டு விலகி, பாயைத் திருப்பி, வேகம் பிடித்தார்கள். முதலில் முன்பக்கம் நிமிர்ந்தது. பிறகு படகு முழுவதும் தண்ணீரை விட்டு எழும்பியது. பரிமளம் "ஐயோ பிள்ளையாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. படகுக்கும் கடலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. ஜெயந்தி வயிற்றைப் பிடிக்கவில்லை, ஓரத்தையும் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக் கரை வரைக்கும் கேட்டது. என் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் வழியாகத் திருகோணமலைக்கு முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். தேங்காய்களையும் அரிசி மூடையையும் பார்த்த கொண்டக்டர், "கலியாண வீடோ அம்மா?" என்றார். இல்லை, படகில் இடமில்லை என்றேன். "இவ்வளவு சாமானோட ஆர்தான் படகில ஏத்துவான்" என்று மூடைக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறகு வேலை செய்கிறது, அதைக் கண்ணால் கண்டுவிட்டேன். ஆனால் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கிற படகை வாங்குவது பந்தயக்காரர் அல்ல, குடும்பங்கள். குடும்பம் என்றால் சாமான், சாமான் என்றால் பாரம். எங்கள் சனம் அந்தப் படகை வாங்கினால், முதல் துறையிலேயே சொந்தக்காரர் வந்து அதைத் தண்ணீருக்குள் அமர்த்திவிடுவார்கள். அப்படியானால் சிறகுக்கு எதிர்காலம் இல்லையா? பஸ்ஸில் போகும் தயிரைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டால் உண்டு. தயிரை விடலாம், ஆளை? மடியில் சட்டி சரிந்து சேலையெல்லாம் தயிர்.

உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. றிஸ்வான் முற்றத்தில் கதிரை போட்டு, பதில் கேட்டுக்கொண்டு போகக் காத்திருந்தார். ஜெயந்தி ஓடிவந்து மூடையின் ஒரு நுனியைப் பிடித்தாள்.

"மச்சாள், ஒருக்காலும் சத்தி வரேல்லை. ஒருக்காலும்!"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். காலையில் என் கையில் சாய்ந்து கிடந்த முகம் அது. சுதன் எதிரில் வந்து நின்றான். சரிவராது என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், பழைய படகோடு இங்கேயே இருந்துவிடுவான். தீபாவளிக்கு வருவான். அவன் என்னை அவ்வளவு நம்புகிறான் என்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

"என்னக்கா, வாங்கட்டோ?"

"வாங்கு" என்றேன். "நான் பார்க்க வாற நாளில மட்டும் அந்தச் சிறகை மடிச்சு வை. தண்ணியிலயே ஆறுதலாப் போவம்."

"சிறகை மடிச்சால் இவளுக்குச் சத்தி வருமேயக்கா."

ஜெயந்தி அதற்குள் என் கோப்பையில் சோற்றைப் போட்டுத் தயிரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"வரட்டும். மச்சாள் வாறதெண்டால் ஒரு நாளைக்குச் சத்தி எடுத்தால் என்ன?" என்றாள்.