செல்லுக்குள் உருண்ட தாயம்

மாமனாருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, திருவாதவூரிலிருந்து அவரை எங்கள் ஒத்தக்கடை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பேச்சு பத்து நாளில் தெளிந்துவிட்டது. காலும் தேறிக்கொண்டு வந்தது. கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மாமியார் இறந்து ஐந்து வருஷமாகியிருந்தது. என் கணவர் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஆக, பகல் முழுக்க நானும் அவரும்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் "வாங்க மாமா", "சாப்பிடுங்க மாமா" என்பதைத் தாண்டி நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் எதையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. நெல் எடை போடும் இடத்தில் மூட்டையை ஏற்றும் முன்னால் தராசில் தான் ஏறி நின்று முள்ளைப் பார்ப்பார் என்று கணவர் சொல்லியிருக்கிறார். இங்கே வந்தபிறகு, நான் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுத்தான் விழுங்குவார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சர்க்கரையைக் குறைத்திருக்கிறேனா என்று. குறைத்துத்தான் இருந்தேன்.

ஊரில் அவர் தாயம் ஆடுவதில் கெட்டிக்காரர். ஆனால் தாயக்கட்டைகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். இடது கையை மட்டும் வைத்து ஒருநாள் போட்டுப் பார்த்தார். ஒன்று மடியிலேயே விழுந்தது, இன்னொன்று தையல் மிஷினுக்கு அடியில் ஓடிவிட்டது. அதன்பின் கட்டையைத் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டு கணவர் தன் பழைய செல்லில் பகடை உருட்டும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். சிவப்புப் பொத்தான் மாமாவுக்கு, பச்சை எனக்கு என்று அவரே பிரித்தும் கொடுத்தார். தொட்டால் திரையில் இரண்டு கட்டைகள் உருண்டு நிற்கும். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட ஆரம்பித்தோம்.

தாயம் விழுந்தால்தான் காயை இறக்கமுடியும். அவருக்கு விழுந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டும் விழுந்தது. நான் ஒரு காயை இறக்குவதற்குள் அவர் மூன்றைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பழமாக்கிவிடுவார். முதல் நாலைந்து நாள் முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் செல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, இதுக்குள்ள உருட்டுறது யாரு?"

யாருமில்லை, அதுவாக ஒரு கணக்குப்படி விழுகிறது என்றேன்.

"கணக்குன்னா எழுதுனவன் ஒருத்தன் இருப்பான்ல" என்றார்.

அன்றிலிருந்து செல் அவர் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தது. என் முறை வந்தால் விரலை நீட்டித் தொடலாம், கையில் எடுக்கக்கூடாது. வேணுமென்றே விட்டுக்கொடுக்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லவே இல்லை என்றேன். சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று அந்த ஆட்டலிலேயே தெரிந்தது. என் வீட்டுக்குள்ளேயே நான் திருடியைப்போல உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. எனக்கும் புத்தி அப்படியே போயிற்று. நான் அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து இவர் இரண்டு தடவை அமுக்குகிறாரோ என்று தோன்ற, கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். நான் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஆட உட்கார்ந்ததும், "இன்னிக்கு நீ செகப்பு, நான் பச்ச" என்றார். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் நான்தான் ஜெயித்தேன். அவர் செல்லைக் கவிழ்த்து வைத்தார். "இனிமே இந்த வெளையாட்டு வேணாத்தா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் செல்லை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். அதில் கட்டையின் முகங்களை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. பச்சையைத் திறந்தேன். நான்கு முகம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பைத் திறந்தேன். ஆறு முகம். வெற்று இரண்டு முகத்தில், ஒன்று இரண்டு முகத்தில், மற்றவை ஒவ்வொன்றில். ஒன்றும் வெற்றும் சேர்ந்தால் தாயம், இரண்டு கட்டையும் வெற்று என்றால் பன்னிரண்டு. பிறகு ஏன் விழாது?

கணவருக்குப் போன் பண்ணினேன். இதென்ன என்று கேட்டேன். அப்பா ஜெயித்தால் தெம்பாக இருப்பார் என்றுதான் செய்ததாகச் சொன்னார். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா ஒன் மொகமே காட்டிக் குடுத்துரும். இப்பவும் சொல்லாத" என்றார்.

போனை வைத்தபிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இம்புட்டு லேசாக ஒரு மனுஷர் இதைச் செய்வார் என்றால், இன்னும் எதையெல்லாம் செய்திருப்பார்? உன் குழம்பை அப்பா புகழ்ந்தார் என்று அவர் வந்து சொல்வதெல்லாம் மாமனார் உண்மையில் சொன்னதுதானா? அதை இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

கீழே இறங்கி வந்து மாமனாரை எழுப்பி, சிவப்பைத் திறந்து காட்டினேன். இடது கை விரலால் ஒவ்வொரு முகமாக எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"எம் மகனா?"

"ஆமா மாமா."

"அப்ப நீ இல்ல."

"நான் இல்ல."

அவர் தரையிலிருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எம்மேல பரிதாபப்படுறேன்னு நெனச்சேன். அது எனக்குப் பொறுக்கலத்தா" என்றார்.

நீங்கள் இரண்டு தடவை அமுக்குகிறீர்களோ என்று நானும் சந்தேகப்பட்டேன் என்றேன். ஆமாம், அமுக்கினேன், எனக்கே எப்படி இப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் என்றார்.

சிவப்பை அழித்துவிட்டோம். இருவருக்கும் பச்சை ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன்னால் முகங்களைத் திறந்து அவர் எண்ணுவார். அடுத்து நானும் எண்ணுவேன். முதல் நாள் அவருக்குத் தாயமே விழவில்லை. என் காய்கள் நான்கும் பழமாகும்வரை அவருடையவை வெளியிலேயே கிடந்தன. என்ன நினைப்பாரோ என்று பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவர், நானும் வருகிறேன் என்று கட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்லை எடுக்கப் போனார். மாமனார் அதை இடது கையால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நீ உக்காந்து பாரு. போதும்" என்றார்.