கிடங்கு ரோட்டில் இருபத்து மூன்று பேர்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை நான். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் ஆறு வருஷமாக என் பிழைப்பு. இதையும் அப்படியே ஏற்றுகிறேன்.

சாலை விபத்து விவரங்களைச் சேர்க்கும் அலுவலகம். எனக்கு இரவு ஷிப்ட். காவல் நிலையங்களிலிருந்து பைல் வரும். யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். இருட்டில் நடந்த விபத்தென்றால் பாதி பைல்களில் இடம் காலியாக இருக்கும். போன் போட்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆனால் வரைபடத்தில் புள்ளி வைக்காமல் அடுத்த பைலுக்குப் போக கம்ப்யூட்டர் விடாது. நான் என்டரைத் தட்டிவிடுவேன். புள்ளி திரையின் நட்டநடுவில் போய் விழும். அது பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரோரம். நேரான ரோடு. அங்கே ஒரு நாய்கூட அடிபட்டதில்லை.

அப்படி நான் அங்கே தள்ளிவிட்டவர்கள் இருபத்து மூன்று பேர். எல்லாரும் நடந்து போகும்போது வண்டி மோதிச் செத்தவர்கள்.

நிஜமாகவே ஆளைக் கொல்லும் இடம் பாலத்து வளைவு. அக்கா தினமும் விடியுமுன் அதைத் தாண்டித்தான் சலவை ஆலைக்கு வேலைக்குப் போவாள்.

“ஏன்டா தம்பி, உங்க ஆபீஸ்ல என்னமோ பெரிய மெஷின் வாங்கறாங்களாமே. அந்த வளைவுல ஒரு லைட்டு போட வக்கில்லையா? தெனமும் உசிர கையில புடிச்சுக்கிட்டுப் போறேன்.”

“பார்க்கலாம்க்கா.”

“ஆமா, நீ பாத்துக் கிழிச்ச.”

மெஷின் என்பது ஒரு கம்பம். அதில் கேமரா, நடப்பவர்களை எண்ணும் கருவி, ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் விளக்கு, வேகமாக வரும் வண்டியை எச்சரிக்கும் பலகை. ஒன்று வாங்கத்தான் அனுமதி. காலைக் கூட்டத்தில் மேனேஜர் பலகையில் நடுக்கோடு போட்டார். ஒரு பக்கம் செலவு. மறுபக்கம் பிழைக்கக்கூடிய உயிர்கள்.

“வளைவுல நாலு. கிடங்கு ரோட்டுல இருபத்து மூணு. அங்க வச்சாத்தான் செலவுக்குப் பலன். யாராவது ஏதாவது சொல்லணுமா?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது. சொன்னால் வேலை போகும். மூடிக்கொண்டேன்.

கம்பம் நட்டார்கள். படம் என் மேஜைக்கு வரும்.

முதல் இரவு. 11.40. பீப். ‘நடப்பவர்: 1’ என்றது திரை. விளக்கு எரிந்தது. ரோட்டில் யாருமில்லை. பூனையாக இருக்கும் என்று டீயை ஆற்றினேன்.

12.25. பீப். 2. காலி ரோடு.

1.17. பீப். 3.

4.36-க்கு இருபத்து மூன்று. அதோடு நின்றது.

மறுநாள் இரவும் அதே நிமிஷங்கள். 11.40... 12.25... 1.17... எங்கோ தட்டிய எண்களாகத் தெரிந்தன. பைல்களைத் திறந்தேன். 11.40, சினிமா பார்த்துவிட்டு வந்த தையல்காரர். 12.25, மருந்து வாங்கப் போன ஒரு அப்பா.

இருபத்து மூன்றும் பொருந்தின.

மூன்றாம் இரவு கேமரா வழியே ரோட்டின் சத்தம் கேட்க ஸ்பீக்கரைத் திறந்து வைத்தேன்.

11.40. சரக்... சரக்... செருப்பு தேயும் சத்தம்.

கம்பத்தடியில் நின்றது.

விளக்கு அணையவில்லை.

விடியும்வரை அணையவில்லை.

வந்தவர்கள்... யாரும் போகவில்லை.

மறுநாளே போனை எடுத்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டேன். திட்டு வாங்கினேன். ஒரு பைலின் புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால், அன்றிரவு அந்த நிமிஷத்தில் பீப் வராது. இருபது நாள் ஆயிற்று. பதினாறு பேர் பாலத்து வளைவுக்கே போனார்கள். மற்ற ஏழு பேர் வேறு வேறு இடங்களுக்கு. கிடங்கு ரோட்டில் சத்தம் ஓய்ந்தது.

மேனேஜரிடம் போனேன்.

“சார், கிடங்கு ரோட்டுல யாரும் சாகல.”

“அப்ப அந்த இருபத்து மூணு?”

“நான் கண்ண மூடிக்கிட்டு வச்ச புள்ளி சார். வளைவுலதான் இருபது.”

அவர் எழுந்து பழைய கணக்கை அழித்தார். பிறகு பலகையில் மறுபடி நடுக்கோடு போட்டார். மெஷின் வளைவுக்குப் போனது. நான் வீட்டுக்குப் போனேன்.

அதன்பின் வளைவில் ஒரு விபத்துகூட இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிகள் பலகையைப் பார்த்து அடங்கி ஒடுங்கித்தான் வருகின்றன.

ஒரு மாதம் கழித்து, என் நாற்காலிக்கு வந்த பெண் போன் செய்தாள்.

“அண்ணா, வளைவுல யாருமே இல்லாம ராத்திரி இருபது பீப் வருது.”

“வரும். பயப்படாத.”

“அது இல்லண்ணா. அஞ்சு பத்துக்கு ஒரு அம்மா தனியா நடந்து போறாங்க. தோள்ல பச்சைப் பை. அவங்க ஒருத்தர்தான். மெஷின் அவங்கள ரெண்டுன்னு எண்ணுது.”

அது என் அக்கா.

ஐந்து பத்துக்கு அங்கே செத்தவர் என்று இதுவரை ஒரு பைலும் கிடையாது. எல்லா ஸ்டேஷனிலும் கேட்டுவிட்டேன்.

அக்காவிடம் வேறு வழியில் போகச் சொன்னேன். “நீ வேற பாலம் கட்டித் தரியா?” என்றாள். அன்றிலிருந்து நானும் கூடவே நடக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன்.

“இப்ப அஞ்சு பத்துக்கு என்ன காட்டுது?”

“படத்துல நீங்க ரெண்டு பேர்.”

“மெஷின்ல?”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“நாலு.”