ராயப்பன் சாரின் அண்ணன் நின்ற படகு

ராயப்பன் சார் போய்விட்டார். நேற்று காலை, திருவெறும்பூர் வீட்டில். டீ கேட்டாராம், டீ வருவதற்குள்...

என்னுடைய இந்த இணையப் பக்கத்தில் பழைய டக்போட் போட்டோக்களைப் பார்க்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். "பெயின்டை நம்பாதீங்க, ஏணியைப் பாருங்க" என்று கமென்டில் வந்து நிற்பாரே, அவர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கப்பலைக் கட்டி இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் சின்னப் படகுதான் டக்போட். ஐம்பது, அறுபதுகளில் எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு, அது எந்தப் படகு, எந்த ஊர், கடைசியில் என்ன ஆனது என்று தேடுவது எங்கள் பைத்தியம். கடலே இல்லாத திருச்சியில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் இரண்டு பேர்.

இப்போது நான் மட்டும்.

எனக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு அப்படி இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு முதல்முறை வந்தார். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு போட்டோவை வைத்து, கைக்குட்டையால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இது எங்க அண்ணன் சார். எனக்கு எட்டு வயசுல வேலைக்குன்னு போனவர். கப்பல் இழுக்கிற படகுல வேலை கிடைச்சிருக்குன்னு ஒரு லெட்டர், கூட இந்த போட்டோ. அவ்வளவுதான். எந்த ஊருன்னு எழுதலை. கவரும் தொலைஞ்சு போச்சு. இது எந்தப் படகுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அறுபதுகளின் தொடக்கத்து போட்டோ. படகின் முன்பக்கம் அரைக்கைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார் அண்ணன். படகின் பெயர் இருக்கவேண்டிய இடத்தை, மோதும்போது இடி தாங்குவதற்காகத் தொங்கவிடும் கயிற்றுப் பந்து மறைத்திருந்தது.

வட்ட ஜன்னல்களை எண்ணினோம். ஆணிகளை எண்ணினோம். வெர்னியர் காலிப்பரோடு வந்து போட்டோவை அளப்பார் மனிதர். கடைசியில் இரண்டு படகுகள் மிஞ்சின. ஒரே வரைபடத்தில் கட்டியவை, ஒன்று மெட்ராஸில், மற்றது விசாகப்பட்டினத்தில். வித்தியாசம் ஏணி மட்டும்தான். எதிரே நின்று பார்த்தால் மெட்ராஸ் படகில் ஏணி இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம்.

இவர் போட்டோவில் இடப்பக்கம்.

"மெட்ராஸ்தான். எழுதி வெச்சுக்கங்க" என்று அடித்துச் சொன்னேன். பள்ளிக்கூட வயதில் நான் மெட்ராஸில் இருந்தவன். அந்தப் படகைக் கண்ணால் பார்த்தவன். அதுவாகவே இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சம் திமிரும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் நம்பினார். மெட்ராஸுக்கு எத்தனை முறை போனார் என்று எனக்கே தெரியாது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் தெருத்தெருவாக போட்டோவைக் காட்டிக் கேட்பார். சர்ச் கல்லறைகளில் பெயர் தேடுவார். திரும்பி வந்ததும் போன் செய்வார். "இல்ல சார். ஆனா இன்னும் ரெண்டு தெரு பாக்கி."

சாயங்காலம் சில நாள் காவிரிப் பாலத்தில் நடப்போம். ஒருமுறை அவரே நின்று சிரித்தார். "கீழ பாருங்க, முழங்கால் நனையத் தண்ணி இல்ல. இங்க நின்னு கப்பலைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். யாராவது கேட்டா ரெண்டு பேரையும் பிடிச்சுக் கட்டிப் போட்டுடுவாங்க."

எனக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. அவரிடம் மட்டும்தான் அப்படி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

போன வாரம் கீழ்வீட்டு டெய்லர் மலர், ஆல்டர் செய்த என் சட்டையைக் கொடுக்க வந்தாள். கம்ப்யூட்டரில் அந்த போட்டோ திறந்திருந்தது. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க சார், இந்தச் சட்டையில பாக்கெட் வலது பக்கம் இருக்கு? பட்டனும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறி இருக்கே..."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பி வைத்து பிரின்ட் போட்டுவிட்டார். போட்டோவே இடம் வலமாகத் திரும்பி இருந்திருக்கிறது. ஏழு வருஷமாகப் படகின் ஆணியை எல்லாம் எண்ணிய நாங்கள், அதில் நிற்கிற மனிதரின் சட்டையைப் பார்க்கவில்லை.

படத்தைத் திருப்பிப் போட்டேன். ஏணி வலப்பக்கம் வந்துவிட்டது.

இரண்டு நாள் அவருக்கு போன் செய்யத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வரேன், ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"அண்ணன் விஷயமா சார்? நல்ல விஷயம்தானே?"

"நேர்ல வந்து சொல்றேன்."

சனிக்கிழமை காலை அவர் மனைவி லில்லி அம்மாவிடமிருந்து போன்.

போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள், நெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த போட்டோவை வைத்திருந்தார்கள். லில்லி அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார் ஞாயித்துக்கிழமை வராரு, அண்ணனைப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்குன்னு ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. என்ன சார் அது?"

"ஒண்ணும் இல்லம்மா... சும்மா பார்க்கலாம்னுதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் அவ்வளவுதான் முடிந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வருகிறேன் என்று சொன்ன நாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். லில்லி அம்மா, நீங்களும் படியுங்கள். என்னை மன்னிக்க வேண்டாம்.

ராயப்பன் சார்... மெட்ராஸ் இல்லைங்க. விசாகப்பட்டினம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.

போயிட்டு வாங்க.